வணிகம் படிக்க இறங்கும் மலைப்பிள்ளைகளும் மற்றப் பாடங்களும்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகி, அரசு கலைக் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் இடம் கிடைத்தது என்பதே வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கும் வைகாசி, ஆனி மாதங்களில், கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலும் வளப்பூர் நாட்டிலும் தின்னனூர் நாட்டிலும் உள்ள பழங்குடிக் குடும்பங்களிலிருந்து பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகளில் சேருவதற்காகச் செம்மேட்டில் பேருந்தேறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளியில் தரை தொட்டு, நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர்களிடம் யாரும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்கள் சேரப்போகும் பட்டப்படிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதி வணிகவியலே அன்று என்பதுதான் அந்த விஷயம்.

நம் மாநிலத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம் ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதற்பகுதி தமிழ், அல்லது மாணவர் தேர்ந்துகொள்ளும் வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மேஜர் என்றும் அலைடு என்றும் கல்லூரி வழக்கில் சொல்லப்படும் முதன்மைப் பாடங்களும் சார்புப் பாடங்களும் மூன்றாம் பகுதியில்தான் வருகின்றன. நான்காம் பகுதியில் பிற துறை ஒன்றிலிருந்து எடுத்துப் படிக்க வேண்டிய விருப்பப் பாடம், திறன் வளர்க்கும் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி ஆகியவை உள்ளன. ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு என்று வகுப்பறைக்கு வெளியே நடப்பவை. இவை ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் என்னும் அலகு உண்டு; பொதுவாக அந்த அலகுகள் 140 சேர்ந்தால்தான் பட்டம் கைக்கு வரும்.

புதிதாகச் சேரும் பிள்ளைக்குச் சீனியர் மாணவர்கள் செய்யும் முதல் உபதேசம், மேஜரை மட்டும் ஒழுங்காகப் படி, மற்றதெல்லாம் பாஸானால் போதும் என்பதுதான். இந்த உபதேசம் ஆதாரமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் பெரும்பாலும் மூன்றாம் பகுதியின் மதிப்பெண்களைத்தான் கேட்கிறார்கள். நான்காம் பகுதியில் தேறினாயா என்பதோடு பலருடைய விசாரணை முடிந்துவிடுகிறது. கடையும் கணக்கப்பிள்ளையும் ஆடிட்டர் அலுவலகமும் சூழ்ந்த கடைவீதியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த உபதேசம் ஓரளவு பொருந்தவும் பொருந்தலாம். ஆனால் மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைக்கு இது பெருங்கேடு என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் அந்தப் பிள்ளை படித்து முடித்துத் தன் மண்ணில் செய்யக்கூடிய வர்த்தகம் எதுவோ, அதற்கு வேண்டிய அறிவில் பாதிக்கு மேல் அந்த ‘மற்றதில்’தான் அடங்கியிருக்கிறது.

சாமையின் கதையை எடுத்துக்கொள்வோம். கொல்லிமலை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றை மலைச்சரிவுகளில் விதைத்து உண்டு வந்தவர்கள். சாமையில் கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும் பெருஞ்சாமை என்றும், கேழ்வரகில் சுண்டாங்கிக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்றும் பேதம் கண்டு, இன்ன வகை இன்ன நிலத்துக்கு ஏற்றது, இன்ன வகை விரைவில் கதிர்விடும், இன்னது தாமதிக்கும் என்று எழுத்தில் வைக்காமலே ஒரு சாஸ்திரத்தைக் காத்து வந்தார்கள். சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. ராசிபுரம், சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கி ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஆக்குகின்றன. கிழங்கு விற்றவனுக்கு ரொக்கம் கிடைத்தது. சாமைக்கு அப்படி ஒரு சந்தை இருக்கவில்லை.

இவ்வளவைச் சொன்னவுடனே வணிகவியல் மாணவன், லாபம் மிகுந்த பயிர் லாபம் குறைந்த பயிரை வெளியேற்றியது என்று ஒரே வாக்கியத்தில் விடை எழுதிவிடுவான்; அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க முயன்று வரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், விலைக்கு அப்பால் வேறொரு காரணத்தையும் கண்டார்கள். சாமையின் மேலுறை மிகக் கடினமானது. அதை உரலிலிட்டு உலக்கையால் குற்றி, புடைத்து, மீண்டும் குற்றி அரிசியாக்குவது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலையாக இருந்தது; காட்டு வேலையும் விறகும் தண்ணீரும் பிள்ளைகளும் போக எஞ்சிய நேரத்தில் அவர்கள் குற்றுவது வீட்டு உலைக்கே போதாது. நியாயவிலைக் கடையில் நெல்லரிசி கிடைக்கத் தொடங்கியபின், இந்தப் பிரயாசையை எந்தத் தாய்தான் விரும்பித் தன் மகளுக்கு விட்டுச் செல்வாள்? அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத உழைப்புக்குப் பேரேட்டில் பற்று வைக்கவும் பத்தி இல்லை. ஆகவே எத்தனை நுட்பமான கணக்கனும், சாமை ஏன் மறைந்தது என்பதைத் தன் கணக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊரிலேயே நிறுவி, அவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்து, அரிசியாகவும் மாவாகவும் பொட்டலம் கட்டிச் சமவெளிக்கு அனுப்பும் ஏற்பாடு பிறந்த பிறகுதான் சாமைக்கு மறுபடி ஒரு விலை உண்டாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, நகரத்துக் கடைகளில் சாமைப் பொட்டலங்கள் அடுக்கி வைக்கப்பட்டதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள்.

இந்த ஒரு தானியத்தை வைத்து வியாபாரம் செய்யப் புறப்படும் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், விதையின் இயல்பு தெரிய வேண்டும், வீட்டில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது தெரிய வேண்டும், பொட்டலத்தின்மேல் என்ன எழுத வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் விதித்திருப்பது தெரிய வேண்டும், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள வாங்குபவருக்குத் தன் சரக்கின் பெருமையைக் குழப்பமில்லாமல் எழுதிக் காட்டத் தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகு கணக்குப் பதிவு வருகிறது. அது இல்லாமல் வியாபாரம் இல்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக்கொண்டு வியாபாரத்தைத் தொடங்க முடியாது.

இம்மலையிலேயே பிறந்த ஒருவருடைய வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சியாக நிற்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியருக்கு 1914ஆம் ஆண்டில் மகனாகப் பிறந்த பால் பிராண்ட், ஒன்பது வயதுவரை கொல்லிமலையில் வளர்ந்து, பிறகு படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை 1929இல் இங்கேயே காய்ச்சலில் மாண்டார். வாலிபப் பருவத்தில் பால் பிராண்டுக்கு மருத்துவத்தின்மேல் நாட்டமில்லை. கட்டடத் தொழில் கற்கச் சென்று, தச்சு வேலையிலும் கொத்து வேலையிலும் சில ஆண்டுகளைச் செலவிட்டார். பின்னரே மனம் மாறி லண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கி மரத்துப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். கை சரியாகியும் பிழைக்க வழியில்லாமல் நின்றவர்களுக்காக வேலூரில் நவஜீவ நிலையம் என்ற இடத்தை உண்டாக்கி, அங்கே அவர்களுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்யும் தொழிலும் கற்பிக்கச் செய்தார். கருவிகளைப் பிடித்து வேலை செய்பவர்களின் கைகளில் புண்கள் எப்போது, எங்கே, எதனால் தோன்றுகின்றன என்று அங்கே கவனித்ததன் மூலம், அந்தப் புண்களை உண்டாக்குவது நோய் நேரடியாக அன்று, வலி தெரியாத காரணத்தால் பட்டுக்கொண்டே இருக்கும் காயங்கள்தாம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சுத்தியலும் இழைப்புளியும் பிடித்துப் பழகிய ஒருவருக்கே எளிதில் புலப்படக்கூடிய உண்மை இது. மருத்துவத்துக்கு வெளியே கழித்த ஆண்டுகள் மருத்துவத்துக்கே வந்து சேர்ந்தன.

வசதி படைத்த தேசத்துப் பிள்ளையையும் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பழங்குடிப் பிள்ளையையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு. பிராண்டுக்குத் தம் பாதையை இடையில் மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் அதற்கான காலமும் இருந்தன. நம் பிள்ளைக்கு அவை இல்லை. அவ்வளவு குறுகிய வழியில் நடக்க வேண்டியவனுக்குத்தான், மூன்றாண்டுக்குள்ளேயே பாடத்திட்டம் அனுமதித்திருக்கும் அந்தச் சிறு சுதந்திரத்தை வீணாக்காதிருப்பது அதிக அவசியமாகிறது.

இன்னொரு சாட்சியும் இம்மலையைச் சேர்ந்ததே. சதுரகிரி என்று புலவர்கள் போற்றிய இக்கொல்லிமலையில் கோயில் கொண்டிருக்கும் அறப்பளீசுவரரை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள், அதன் விஷய அடைவைக் கண்டு சற்றுத் திகைக்கத்தான் செய்வார்கள். நல்லாசிரியர் இயல்பும் நன்மாணாக்கர் இயல்பும், பொருள் ஈட்டும் வகையும் வணிகர் சிறப்பும் வேளாளர் சிறப்பும், புத்தாடை உடுத்த நல்ல நாளும் ஆகிய எல்லாம் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. அதிலுள்ள நாள்பலன்களை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. வருணங்களைப் பற்றி அது சொல்வதை ஏற்கவே கூடாது. ஆயினும் வணிகனைப் பற்றிப் பேசும் ஒரு புலவர், அவனை ஆசிரியனிடமிருந்தும் உழவனிடமிருந்தும் பிரித்துத் தனியே நிறுத்தாமல் அவர்களுக்கு நடுவே நிறுத்திப் பேசினார் என்பது கவனிக்கத் தக்கது.

சுதந்திரம் வந்த மறுவருடமே அமைக்கப்பட்ட டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949இல் அளித்த அறிக்கையில், நம் பட்டப்படிப்புகளில் முற்றிப்போயிருந்த தனித்துறைப் பழக்கத்தைத் திருத்தப் பொதுக்கல்வியைத் தாமதமின்றிப் புகுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பல்லாண்டு விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் ஓர் அங்கத்தினர். வர்த்தகம் பயிலும் மாணவர்கள் மூன்று நான்கு விதமான ஸ்தாபனங்களில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்லியது. பத்தாண்டுகள் கழித்து, 1959இல், வர்த்தகக் கல்விக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே ஃபோர்டு ஸ்தாபனத்துக்காகக் கார்டனும் ஹவலும், கார்னகி ஸ்தாபனத்துக்காகப் பியர்சனும் தனித்தனியே ஆராய்ந்து எழுதிய இரண்டு அறிக்கைகள், அந்நாட்டு வணிகப் பள்ளிகள் தொழில் நுணுக்கங்களையே கற்பித்துப் பொது அறிவையும் கணிதத்தையும் மொழியையும் புறக்கணிக்கின்றன என்று கண்டித்தன. ஆக, நான் சொல்வது புதிய கருத்தே இல்லை. நம் பாடத்திட்டத்திலும் அது காகிதத்தில் ஏறிவிட்டது. ஏறியபின் அதற்கு நேர்ந்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

என்.எம்.இ. என்று மாணவர்கள் சொல்லும் பிறதுறை விருப்பப் பாடத்தைப் பாருங்கள். வணிகவியல் மாணவன் வணிகவியல் அல்லாத ஒரு துறையின் வாசலுக்குள் போய் உட்காருவதற்கென்றே ஏற்பட்ட பாடம் அது. பெயரிலேயே விருப்பம் இருக்கிறது. நடைமுறையில் விருப்பம் கால அட்டவணைக்குரியது. எந்தத் துறையில் ஆசிரியருக்கு மணிநேரம் குறைகிறதோ, எந்த வகுப்பறை அந்த வேளையில் காலியாக இருக்கிறதோ, அந்தப் பாடத்துக்கு வகுப்பு முழுவதையும் ஒரே பெயர்ப்பட்டியலாக அனுப்பிவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தப் பாடம் பெரும்பாலும் முதலிரண்டு பருவங்களிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. விடுதியில் படுக்க இடம் கிடைத்ததா, நகரப் பேருந்து எங்கே நிற்கும், ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர் சொல்வதில் எத்தனை வார்த்தை புரிகிறது என்ற தவிப்பிலேயே முதல் மாதம் கழியும் மலைப்பிள்ளையிடம், தன் வாழ்க்கைக்கு உதவக்கூடிய பிறதுறைப் பாடம் எது என்று அந்த மாதத்திலேயே யாரோ ஒரு காகிதத்தை நீட்டிக் கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் எதை எழுதினானோ அதையே தானும் எழுதிக் கையெழுத்திடுவதைத் தவிர அந்தப் பிள்ளை வேறென்ன செய்யும்?

ஆகவேதான் திட்டமிடுதல் மலையிலேயே, கல்லூரி திறப்பதற்கு முன்பே நடந்தாக வேண்டும் என்கிறேன். தாவரவியல் துறை நடத்தும் பாடம் எதுவாவது திறந்திருந்தால், மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் மலையிலிருந்து வருகிற பிள்ளை அதை விடக் கூடாது. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி ஏன் திடீரென்று வாடிப்போகிறது என்று தெரியாதவன் மிளகு வியாபாரத்தில் எதை நம்பி முதல் போடுவான்? வரலாற்றுத் துறையில் சுற்றுலாவைப் பற்றிய பாடம் இருக்குமானால் அதுவும் நன்று. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் வருகிறவர்களின் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகி, விடுதிகளும் பெருகிவரும் இக்காலத்தில், அந்த விடுதிகளில் மலைப்பிள்ளைகள் அறை துடைப்பவர்களாக இருப்பதா, கணக்கு வைத்து நடத்துபவர்களாக இருப்பதா என்பது அற்பமான கேள்வியன்று. புள்ளியியலும் வணிகக் கணிதமும் சார்புப் பாடமாக வருமிடங்களில், மேல்நிலையில் கணிதம் படிக்காத பிள்ளைகள் அதைக் கடைசிவரை தள்ளிப்போட்டு அரியர் வைத்துக்கொள்வதைக் காண்கிறோம். அந்தத் தாளை முதலாண்டு விடுமுறையிலேயே தொட்டுவிடுவது நல்லது.

சுற்றுச்சூழல் கல்வித் தாளின் கதி இன்னும் பரிதாபம். எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த உத்தரவிலிருந்து தொடங்கி, எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாடம் அது. அதைத் தேர்வுக்கு முந்தைய இரவில் இருபது பக்க வழிகாட்டியிலிருந்து மனப்பாடம் செய்து, ஓசோன் படலத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு வருகிறார்கள். கொல்லிமலையிலிருந்து வந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் உயிரான உதாரணம் தன் ஊரிலேயே கிடக்கிறது. மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்காக இம்மலையின் உச்சியில் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டதும், சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய பிரச்சினைகளின் நடுவே 2008ஆம் ஆண்டில் அந்தச் சுரங்க வேலை நின்றதும் வணிகச் சட்டம், நிறுவன நிர்வாகம், நில உரிமை, மண்வளம் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே தொடும் விவகாரம். அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதும்படி ஒரு மலைப்பிள்ளையை எந்த ஆசிரியராவது தூண்டினால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது மூன்று மேஜர் தாள்களுக்குச் சமானமாக இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டமும் இப்படியே. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணிநேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு; அந்த முகாம்களில் ஒன்றைக் கோயில் வெளியில் புல் பிடுங்குவதற்குப் பதிலாக மலையின் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் நடத்தி, விளைபொருள் எப்படி எடை போடப்படுகிறது, எப்படிப் பணம் பட்டுவாடா ஆகிறது என்று வணிகவியல் மாணவர்களைப் பார்க்கச் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மொழிப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு பல பல்கலைக்கழகங்களில் வணிகவியல் மாணவருக்குத் தமிழும் ஆங்கிலமும் முதலாண்டோடு முடிந்துவிடும்; மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் அவை நான்கு பருவங்களுக்கு நீண்டிருக்கின்றன. சிலர் இதைச் சுமை என்று முணுமுணுக்கிறார்கள். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேறியாக வேண்டும் என்ற விதி வந்துவிட்ட இக்காலத்தில் அந்த முணுமுணுப்பில் அர்த்தமில்லை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, மேஜர் பாடங்கள் அனைத்திலும் தேறி, ஆங்கிலத் தாள் ஒன்றில் மட்டும் தவறிப் பட்டமில்லாமல் நிற்கும் பிள்ளைகளைச் சமவெளியிலும் மலையிலும் ஒருங்கே காணலாம். அந்தப் பாடத்தை இரண்டாம் பட்சமாக நினைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை மிக அதிகம்.

என்மேல் ஓர் ஆட்சேபம் வரும் என்பதை அறிவேன். மிளகு விற்ற காசில் விடுதிக் கட்டணம் கட்டிய தகப்பனுக்கும், கூலிக்குப் போய் மகளைப் படிக்க வைக்கும் தாய்க்கும் வேண்டியது மூன்றாண்டு முடிந்ததும் ஒரு சம்பளம். அப்படியிருக்கத் தாவரவியலும் வரலாறும் ஏழைக்கு எதற்கு என்பதே அந்த ஆட்சேபம். அதன் பின்னாலுள்ள வேதனையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இந்தப் பாடங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லையே! அவை ஏற்கெனவே இருக்கின்றன, கட்டாயமாக இருக்கின்றன. வருகைப் பதிவுக்காக அந்த வகுப்புகளில் பிள்ளைகள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், தேர்வுக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். நேரமும் பணமும் எப்படியும் செலவாகிவிடும். அதற்கு ஈடாக ஏதேனும் கைக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்வதுதான் வணிக புத்தி. ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் கற்பிக்கப்படும் கணினித் திறன்களும் உரையாடல் திறன்களும் நல்லவையே. அவை வேலை வாங்கித் தருவதாகவே வைத்துக்கொண்டாலும், பிறர் தொழிலில் சம்பளக்காரனாகும் வழியைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. மலையில் சொந்தமாக ஒரு தொழிலை நிறுத்துவதற்கு அவை போதா.

அரசாங்கம் தன் பங்கில் ஒரு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கல்லூரிக்குப் போகும் வழிச்செலவை ஏற்றுக்கொண்ட அரசு, போன இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித் தரும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. செம்மேட்டிலும் பிற ஊர்களிலும் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் மேல்நிலை ஆசிரியர்கள், தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகுமுன் அரை நாள் ஒதுக்கி, பக்கத்துக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஐந்து பகுதிகளையும் விளக்கிவிட்டால் போதும். அதற்குத் தனி நிதி வேண்டியதில்லை, தனி ஆணையும் வேண்டியதில்லை. கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினர் பிறதுறை விருப்பப் பாடத்தை முதற்பருவத்திலிருந்து எடுத்து மூன்றாம் பருவத்தில் வைப்பது பற்றி யோசிக்க வேண்டும். அதற்குள் ஒரு பிள்ளைக்குக் கல்லூரியும் தெரிந்துவிடும், தன் மனமும் ஓரளவு தெரிந்துவிடும். முதல்வர்களும் துறைத் தலைவர்களும் பெயர்ப்பட்டியலை மொத்தமாக ஒரே வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தை இந்த ஆண்டிலிருந்தாவது கைவிட வேண்டும்.

இந்த ஆண்டு வணிகம் படிக்க இறங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சேர்க்கை நாளில் சான்றிதழ்களைக் கொடுத்துக் கையெழுத்திடும்போதே, பி.காம். மாணவர்களுக்கு எந்தெந்தத் துறைகளின் விருப்பப் பாடங்கள் இந்தப் பருவத்தில் திறந்திருக்கின்றன, அவற்றில் எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று துறைத் தலைவரைப் பணிவாகக் கேளுங்கள்; பதில் கிடைக்கவில்லையானால் இரண்டாம் முறையும் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாடத்திட்டத்திலேயே அது விருப்பப் பாடம் என்றுதான் அச்சாகியிருக்கிறது.